‘வணக்கம்’ சொன்னால் வளைவது யார்?

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில், எட்டயபுரம் தாண்டியதும் எப்போதும்வென்றான் என்று ஒரு ஊர் வரும். சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: கோவில்பட்டி, கயத்தாறு, ஓட்டப்பிடாரம், குறுக்குச்சாலை. எல்லாமே இடத்தைச் சொல்லும் பெயர்கள். எப்போதும்வென்றான் மட்டும் ஒரு முழு வாக்கியம். ஒருத்தன் வென்றான், எப்போதும் வென்றான், அவ்வளவுதான் செய்தி. தோற்காதவன், யாருக்கும் தலை தாழாதவன் என்பது அதற்குள் இருக்கும் பொருள். அந்த மாதிரி ஆளுக்குத் தமிழில் இன்னொரு பெயரும் உண்டு: வணங்காமுடி.

இந்த வணங்காமுடி என்ற சொல்லில்தான் இன்றைய விஷயம் ஒளிந்திருக்கிறது. வணங்காத முடி, அதாவது வளையாத தலை. அப்படியானால் நாம் தினமும் மேடையிலும், அலுவலகத்திலும், டிவியிலும் சொல்கிற ‘வணக்கம்’? அதே வேர்தான். நேராகப் பொருள் சொன்னால் ‘வளைதல்’. ஒருத்தரைப் பார்த்து ‘வணக்கம்’ என்றால், ‘நான் உனக்கு முன்னால் வளைகிறேன்’ என்று ஆகிவிடுமா? அப்படி ஆகுமென்றால், சுயமரியாதை பேசிய ஒரு தலைமுறை ஏன் இந்தச் சொல்லைத் தேடிப்பிடித்து எல்லோர் வாயிலும் வைத்தது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கு. போவோம்.

வேர்

தமிழில் ஒரு அழகான சொல்லாக்க முறை இருக்கிறது. கலங்கு – கலக்கம், மயங்கு – மயக்கம், நெருங்கு – நெருக்கம், சுருங்கு – சுருக்கம், இணங்கு – இணக்கம், அடங்கு – அடக்கம். வினையில் இருக்கும் ‘ங்கு’ பெயராகும்போது ‘க்கம்’ ஆகிறது. இதே வரிசையில்தான் வணங்கு – வணக்கம். இலக்கணப் புத்தகம் எதுவும் தேவையில்லை, வரிசையாகச் சொல்லிப் பார்த்தாலே காதுக்குத் தெரிஞ்சிடும்.

வணங்கு என்பதன் மூத்த பொருள் வளைதல். சங்கப் பாடல்களில் பெண்களின் வளைந்த முன்கையை ‘வணங்கிறை’ என்பார்கள். யாழின் வளைந்த தண்டு ‘வணர் கோடு’. இங்கே கும்பிடுதலும் இல்லை, சாமியும் இல்லை. வெறும் வடிவம். நேராக இருந்த ஒன்று வளைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பழைய பொருள் செத்துப்போச்சு என்று நினைத்துவிட வேண்டாம். கிராமத்துப் பேச்சில் இன்னும் இருக்கிறது. வேலைக்குக் கள்ளம் பண்ணுகிற பையனை ‘உடம்பு வணங்காத பய’ என்று வைவார்கள். ‘உடம்பு வணங்கி வேலை செய்தாத்தான் சாப்பாடு’ என்பார்கள். கரிசல் காட்டில் களையெடுக்கவோ, உளுந்து பிடுங்கவோ, மிளகாய்ப் பழம் பறிக்கவோ போனவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருளை அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. பொழுதுக்கும் இடுப்பு வளைந்தே இருக்கும். அந்த வளைவுதான் ‘வணங்கு’.

வளைதலில் இருந்து மரியாதைக்கு இந்தச் சொல் எப்படிப் போச்சு என்பது எளிது. பெரியவரைப் பார்த்தால் உடம்பு வளையும், அந்த வளைவே மரியாதையின் பெயராகிவிட்டது. உலகத்தில் பல மொழிகளில் இதுதான் நடந்திருக்கிறது. சமஸ்கிருதத்தின் நமஸ், நமஸ்காரம், நமஸ்தே எல்லாம் ‘நம்’ என்ற வேரில் இருந்து வந்தவை. அந்த வேருக்கும் பொருள் வளைதல்தான். ஆகவே நமஸ்காரமும் வணக்கமும் பொருளில் அண்ணன் தம்பி, பிறந்த வீடு மட்டும் வேறு வேறு.

வள்ளுவரின் சந்தேகம்

வளைதலுக்கும் மரியாதைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைக் கவனித்து முதலில் சந்தேகப்பட்டவர்களில் திருவள்ளுவரும் ஒருவர். கூடா நட்பு அதிகாரத்தில் 827ஆம் குறளைப் பாருங்கள். அதில் ‘சொல்வணக்கம்’, ‘வில்வணக்கம்’ என்று இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். பகைவன் சொல்லில் காட்டும் பணிவை நம்பி ஏமாந்துவிடாதே, வில்லும்தான் வளைகிறது, ஆனால் அது வளைவது அம்பு விடுவதற்காக என்பது அதன் கருத்து.

அடுத்த குறள் இன்னும் ஒரு படி போகிறது. பகைவன் கும்பிட்டு நிற்கும் கைக்குள்ளேயே ஆயுதம் ஒளிந்திருக்கலாம் என்கிறார். சொல்லில் வளைவது, கையைக் கூப்புவது என்று மரியாதையின் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார்.

நமக்கு இதில் இரண்டு செய்தி கிடைக்கிறது. ஒன்று, ‘வணக்கம்’ என்ற சொல் வடிவம் குறள் காலத்திலேயே இருக்கிறது. இரண்டு, அப்போது அது ‘பணிவு, வளைவு’ என்று பொருள்படும் சொல்லாக இருக்கிறது. ஒருத்தரைப் பார்த்ததும் வாய்விட்டுச் சொல்லும் முகமன் சொல்லாக அந்தக் குறளில் அது வரவில்லை. சொல் பழசு, இன்றைய வேலை புதுசு. தமிழின் தொன்மை பேசுகிறவர்கள் சில நேரம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

கடற்கரையில் அச்சான வணக்கம்

நடுவில் இந்தச் சொல் எந்த வேலை பார்த்தது? பெரும்பாலும் கோயில் வேலை. கடவுள் வணக்கம், குரு வணக்கம், அவையடக்கத்துக்கு முன்னால் வரும் வணக்கப் பாட்டு. வழிபாடு என்ற பொருள் இதில் மேலோங்கி நின்றது.

இதற்கு நல்ல சாட்சி எப்போதும்வென்றானுக்குக் கிழக்கே உள்ள கடற்கரைக் காரர்கள் சம்பந்தப்பட்டது. 1578ல் கொல்லத்தில் ஒரு 16 பக்கச் சிறு நூல் தமிழில் அச்சானது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் அதுவே மூத்தது. அதன் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. முத்துக்குளித்துறையில், புன்னைக்காயல் பக்கம் வாழ்ந்து தமிழ் படித்த போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அண்ட்ரிக் அடிகளாரின் வேலை அது. அச்சு வேலைக்குப் பணம் கொடுத்ததும் இந்தக் கடற்கரைப் பரதவ மக்கள்தான். மறு ஆண்டே, 1579ல், கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ அச்சானது.

இரண்டு தலைப்பிலும் ‘வணக்கம்’ இருக்கிறது. கிறித்தவ மறையின் அடிப்படைகளைச் சொல்லித் தரும் நூல்களுக்கு அந்தப் பெயர். தம்பிரான் என்றால் இறைவன், அவனை வழிபடுவது தம்பிரான் வணக்கம். ஆக, இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சு ஏறி நமக்குக் கிடைத்த மூத்த நூல் தலைப்பிலேயே நம் சொல் இருக்கிறது, ஆனால் அங்கும் அது மனுஷனுக்குச் சொல்லும் சொல் இல்லை. இந்தப் பொருள் கிறித்தவத் தமிழில் இன்றும் மாறவில்லை. மாதாவுக்குரிய மே மாதத்தைக் கத்தோலிக்கர்கள் ‘வணக்க மாதம்’ என்றுதான் சொல்கிறார்கள்.

அப்போ ஊர்ல என்ன சொல்லிக்கிட்டாங்க?

சாமிக்கு வணக்கம் சரி, மனுஷனுக்கு மனுஷன் என்ன சொன்னான்?

உறவுக்காரர்களுக்குள் இதற்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை. இன்றும் தேவைப்படுவதில்லை. கோவில்பட்டிப் பக்கத்து ஊர் எதிலாவது காலையில் தெருவில் நடந்து பாருங்கள். ‘வாங்க சின்னையா’, ‘என்ன மாப்ள, காட்டுக்கா?’, ‘மதினி, தண்ணி வந்திருச்சா?’, ‘அண்ணாச்சி, சாப்டீகளா?’ இதெல்லாம்தான் அங்கே முகமன். கிளம்பிப் போகிறவரை ‘எங்கே போறீக?’ என்று கேட்பது சகுனத்துக்கு ஆகாது என்பதால் ‘என்ன, தூரமா?’ என்று கேட்பார்கள். ‘இந்தா, கோயில்பட்டி வரைக்கும்’ என்று பதில் வரும். இரண்டு பேருக்கும் அந்தக் கேள்வியும் முக்கியமில்லை, பதிலும் முக்கியமில்லை. உன்னைப் பார்த்தேன், நீ இன்னார் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் பேச்சு. முறைப்பெயரே முகமன். தாய்மாமனைப் பார்த்து ‘வணக்கம் மாமா’ என்று ஒருத்தன் சொன்னால், ஒன்று அவன் கிண்டல் பண்ணுகிறான், அல்லது ரெண்டு வீட்டுக்கும் ஏதோ மனஸ்தாபம்.

மதத்துக்கு ஒரு முகமனும் உண்டு. தெற்கே அய்யாவழிக்காரர்கள் சந்தித்தால் ‘அய்யா உண்டு’. கிறித்தவர்களிடம் ‘ஸ்தோத்திரம்’. முஸ்லிம்களிடம் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’, அதற்குப் பதில் ‘வ அலைக்கும் ஸலாம்’. கரிசலில் தெலுங்கு பேசும் வீடுகளும் நிறைய. தெலுங்கில் கும்பிடுவதைத் ‘தண்டம்’ என்பார்கள்.

உறவுக்கு வெளியே, சாதிக்கு வெளியே போகும்போதுதான் சிக்கல். கீழே வைக்கப்பட்டவன் மேலே இருக்கிறவனைப் பார்த்தால் ‘கும்பிடுறேன் சாமி’. தோளில் துண்டு இருந்தால் அது இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்க வேண்டும். காலில் செருப்பு இருந்தால் கைக்குப் போக வேண்டும். சரி, இதற்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதில் என்ன? ‘கும்பிடுறேன்’ என்று அவர் திருப்பிச் சொல்ல மாட்டார். ‘ம்’ என்று ஒரு சத்தம், அல்லது ‘என்னடா?’ என்று ஒரு கேள்வி. நல்ல மனுஷனாக இருந்தால் ‘நல்லாயிரு’ என்று வாழ்த்து. வாழ்த்துவதும் மேலே இருக்கிறவரின் உரிமைதான். துணி விஷயத்தில் இது எவ்வளவு கறாராக இருந்தது என்பதற்கு எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. 1930ல் பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் மேல் ஆதிக்கச் சாதியினர் விதித்த எட்டுத் தடைகளை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். நகை போடக் கூடாது, இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி கூடாது என்ற ரீதியில் போகிறது அது.

எழுதப்பட்ட சட்டத்திலும் இதே ஏற்பாடு உண்டு. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் யார் யாரை எப்படி வணங்க வேண்டும் என்று விரிவாகப் பேசுகிறது. நலம் விசாரிக்கக் கூட வருணத்துக்கு ஒரு சொல். பிராமணரிடம் ‘குசலம்’, சத்திரியரிடம் ‘அநாமயம்’, வைசியரிடம் ‘க்ஷேமம்’, சூத்திரரிடம் ‘ஆரோக்கியம்’ என்று கேட்க வேண்டுமாம். நாலுக்கும் பொருள் ஏறக்குறைய ‘சௌக்கியமா’ என்பதுதான். ஆனால் வாயைத் திறந்ததுமே எதிரே நிற்பவர் எந்தப் படியில் இருக்கிறார் என்று தெரிந்துவிட வேண்டும்.

அதிகாரத்துக்கு முன்னால் நிற்பதும் இதே கணக்குத்தான். 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்திக்கப் போன பாஞ்சாலங்குறிச்சி கட்டபொம்மனை, இருக்கை தராமல் நிற்க வைத்தே விசாரித்தார்கள். அந்தச் சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. மறு ஆண்டு, 1799 அக்டோபர் 16ஆம் தேதி, கயத்தாறில் அவர் தூக்கிலிடப்பட்டார். வரிப் பாக்கி பெரிய காரணம்தான். ஆனால் மக்கள் நினைவில் தங்கியது வரிக் கணக்கை விட, அவர் தலை தாழவில்லை என்பதுதான்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர், பெரிய மனிதர்களுக்கும் நீதிபதிகளுக்கும் முன்னால் தொப்பியைக் கழற்ற மாட்டோம் என்று அடம்பிடித்துச் சிறைக்குப் போனார்கள். அங்கே தொப்பி, இங்கே துண்டு. யார் யாருக்கு முதலில் தலை தாழ்த்துவது என்பது எல்லா ஊரிலும் பெரிய விவகாரமாகத்தான் இருந்திருக்கிறது.

இருவரும் சொன்ன ஒரே சொல்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கரிசல் பூமியில் ஒரு புதுச் சத்தம் கேட்டது. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். மார்ச் 12ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம். இந்த நாட்களில் கூட்டங்களில் முழங்கிய சொல் ‘வந்தே மாதரம்’. சுதேசிக்காரர்கள் கடிதத்தின் தலைப்பிலும் அதைத்தான் எழுதினார்கள்.

இந்த ‘வந்தே’ என்பதற்கும் ‘வணங்குகிறேன்’ என்றுதான் பொருள். எட்டயபுரத்தில் பிறந்த பாரதி இதைத் தமிழில் பாடும்போது ‘வணங்கு’ என்ற வினையையே எடுத்துக்கொண்டார். ஆனால் இங்கே வணங்கப்படுகிறவர் எதிரே நிற்கும் ஆள் இல்லை. ஒருத்தர் ‘வந்தே மாதரம்’ என்பார், எதிரே இருப்பவரும் ‘வந்தே மாதரம்’ என்பார். வக்கீல் சொன்னாலும் மில் தொழிலாளி சொன்னாலும் சொல் ஒன்று, பதிலும் அதே சொல். இரண்டு பேரும் வணங்குகிறார்கள், ஆனால் ஒருத்தருக்கு ஒருத்தர் வளையவில்லை, ரெண்டு பேருக்கும் பொதுவான ஒன்றுக்கு வளைகிறார்கள். சாதி, பதவி தாண்டி ஒரே சொல்லைச் சொல்லி அதே சொல்லைப் பதிலாக வாங்கும் பழக்கம் பொது வாழ்க்கைக்கு வந்ததில் இதற்கு ஒரு பங்கு இருக்கிறது என்பது என் கணிப்பு. ‘ஸலாம்’ சொல்கிறவர்களிடம் அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருந்தது.

மேடைக்கு வந்த வணக்கம்

அடுத்த கட்டம் மொழி இயக்கமும் சுயமரியாதை இயக்கமும். 1916ல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்குகிறார். வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவர் அவர். 1925ல் பெரியாரின் குடி அரசு ஏடு. 1929 செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கும் தீர்மானம். 1931ல் கரிசலின் வாசலான விருதுநகரில் மூன்றாவது மாகாண சுயமரியாதை மாநாடு. 1932ல் சோவியத் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார், பெயருக்கு முன்னால் ஸ்ரீ, மகா-ள-ஸ்ரீ எல்லாம் வேண்டாம், எல்லோரையும் ‘தோழர்’ என்றே அழையுங்கள் என்று எழுதினார்.

அந்தக் காலத்துக் கூட்ட நோட்டீஸைப் பின்னாள் நோட்டீஸோடு வைத்துப் பார்த்தால் மாற்றம் பளிச்சென்று தெரியும். அக்கிராசனர் தலைவர் ஆனார். பிரசங்கம் சொற்பொழிவு ஆச்சு. வந்தனோபசாரம் நன்றியுரை ஆச்சு. விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை திருமண அழைப்பிதழ். கடிதத்தில் ‘இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்’ என்பது ‘நலம், நலமறிய ஆவல்’ என்று மாறியது. 1967க்குப் பின் அரசு அலுவலகங்களில் ஸ்ரீ, ஸ்ரீமதி போய் திரு, திருமதி வந்தது. இந்த வரிசையில் நமஸ்காரம் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் வணக்கம்.

மேடையில் இருந்து பள்ளிக்கூடத்துக்குப் போனது. வாத்தியார் உள்ளே வந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து ‘வணக்…கம் ஐயா’ என்று இழுத்துப் பாடும் ராகம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வானொலிக்குப் போனது. தென்மாவட்டங்களில் தெளிவாகக் கேட்ட இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் நேயர்களுக்குச் சொன்ன வணக்கம், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள் காதிலும் விழுந்தது. பிறகு தொலைக்காட்சி. 1990களில் சன் டிவியின் காலை நிகழ்ச்சிக்கு ‘வணக்கம் தமிழகம்’ என்றே பெயர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் அல்லாத அரசியல்வாதிகள் கூடத் தமிழர் கூட்டத்தில் இந்த ஒரு சொல்லோடுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

ஒப்பிட்டுப் பாருங்கள். மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் முறையான முகமனுக்கு நமஸ்காரமே நின்றுவிட்டது. மலையாளத்தில் ‘வணங்ஙுக’ என்ற வினை இருந்தும், முகமன் இடத்துக்கு அது வரவில்லை. தமிழில் மட்டும் சொந்த வேர்ச்சொல் அந்த இடத்துக்கு வந்தது. அது மொழிக்குள் தானாக நடந்த வளர்ச்சி மட்டும் கிடையாது, ஆட்கள் முடிவெடுத்துச் செய்த காரியம்.

யார் வளைகிறார்கள்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். நமஸ்காரத்துக்குப் பதில் வணக்கம் என்றால், சமஸ்கிருத வளைவுக்குப் பதில் தமிழ் வளைவு, அவ்வளவுதானே? வளைவு அப்படியே இருக்கே?

இங்கே இலக்கணத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கணும். ‘கும்பிடுறேன் சாமி’ என்பதில் கும்பிடுகிறவன் ‘நான்’ என்று வினையிலேயே ஒட்டியிருக்கு, கும்பிடப்படுகிறவர் ‘சாமி’ என்று தெளிவாக நிற்கிறார். யார் கீழே, யார் மேலே என்பதில் சந்தேகமே கிடையாது. ‘வந்தே’ என்பதிலும் ‘நான்’ உள்ளே இருக்கிறது. ‘நமஸ்தே’யில் ‘தே’ என்றால் ‘உனக்கு’. ‘வணக்கம்’ என்பதில் என்ன இருக்கு? நானும் இல்லை, நீயும் இல்லை. வெறும் பெயர்ச்சொல். யார் யாருக்கு வளைகிறார் என்பதை அது சொல்லவே இல்லை. ‘இங்கே ஒரு வணக்கம் இருக்கிறது’ என்று நடுவில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

நடுவில் வைத்ததால்தான் எதிரே நிற்பவரும் அதையே எடுத்துத் திருப்பிச் சொல்ல முடிகிறது. ‘வணக்கம்’ என்றால் பதில் ‘வணக்கம்’. கலெக்டருக்கு மனு கொடுக்கப் போகிற கிழவி ‘வணக்கம் ஐயா’ என்றால், கலெக்டர் ‘நல்லாயிரு’ என்று ஆசி சொல்ல முடியாது. ‘வணக்கம்மா, உக்காருங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் அது அவருடைய மரியாதைக் குறைவாகத் தெரியும். ‘கும்பிடுறேன் சாமி’க்குப் பதில் சொல்லாதது யாருக்கும் குறையாகத் தெரிந்ததில்லை. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் அந்தத் தலைமுறை இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது என்று நான் நினைக்கிறேன். வேரில் வளைவு இருக்கட்டும், பயன்பாட்டில் பதில் கட்டாயம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே அளவு வளைந்தால், தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு ரெண்டு பேரும் நேராக நிற்கிற மாதிரிதான்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். வணக்கம் ஏன் வீட்டுக்குள் வரவில்லை? வீட்டில் முறைப்பெயர் இருக்கிறது, அது போதும். முறை சொல்லிக் கூப்பிட முடியாத இரண்டு பேருக்கு, அதாவது உறவும் இல்லாத, ஒரே சாதியும் இல்லாத, ஒருத்தரை ஒருத்தர் தெரியவும் தெரியாத இரண்டு பேருக்குத்தான் இந்தச் சொல் வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்ட், கோர்ட்டு, தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், பொதுக்கூட்டம் மாதிரி எல்லோரும் கலக்கும் இடங்கள் பெருகப் பெருக இந்தச் சொல்லும் பெருகியது. வணக்கத்தில் ஒட்டுதல் இல்லை, ரொம்ப விறைப்பா இருக்கு என்று சிலர் குறைப்படுவார்கள். அந்த விறைப்பு இருக்க வேண்டிய விறைப்பு. ஒட்டுதலுக்கு ‘அண்ணாச்சி’ இருக்கிறது.

சில சிக்கல்கள்

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. வழிபாடு என்ற பழைய பொருள் இன்னும் இந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் இஸ்லாமிய நூல்களில் இறைவனுக்கு மட்டுமே உரிய வழிபாட்டைக் குறிக்க ‘வணக்கம்’ என்ற சொல் புழங்குகிறது. அதனால் மனிதருக்கு வணக்கம் சொல்ல முஸ்லிம்கள் சிலர் தயங்குவதுண்டு. முகமனாகச் சொல்லும்போது பொருள் வேறு என்று எடுத்துக்கொண்டு சொல்கிறவர்களும் உண்டு. 1578ல் நூல் தலைப்பில் இருந்த பொருளும், 20ஆம் நூற்றாண்டு மேடையில் வந்த பொருளும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால் வரும் தயக்கம் இது. தயங்குகிறவரைத் தமிழ்ப்பற்று இல்லாதவர் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. ‘வாங்க’ என்ற சொல்லும் நல்ல தமிழ்தான்.

இன்னொன்று, ‘காலை வணக்கம்’, ‘மாலை வணக்கம்’. இவை ஆங்கிலப் பழக்கத்தைப் பார்த்துச் செய்தவை. வாட்ஸப்பில் பூப்படத்தோடு தினமும் நூறு வருகின்றன. வீரவணக்கம், செவ்வணக்கம் என்று அரசியலும் தன் பங்குக்குச் சேர்த்திருக்கிறது. சொல் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதெல்லாம் அடையாளம், கோபப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு. பதில் வராத வணக்கங்கள் இன்னும் இருக்கின்றன. காவலாளி எழுந்து நின்று சொல்கிற வணக்கத்துக்குக் காரின் கண்ணாடி கூட இறங்காத இடங்கள் இருக்கின்றன. பெருக்க வரும் அம்மா சொல்கிற வணக்கத்துக்குத் தலையை நிமிர்த்தாத மேசைகள் இருக்கின்றன. அங்கே சொல் மட்டும் மாறியிருக்கிறது, ‘கும்பிடுறேன் சாமி’யும் அதற்குக் கிடைத்த ‘ம்’மும் அப்படியே இருக்கின்றன. வள்ளுவர் சொல்வணக்கத்தை நம்பாதே என்று சொன்னது பகைவனை மனதில் வைத்து. இன்றைக்கு அதைக் கொஞ்சம் மாற்றி, திருப்பிச் சொல்லப்படாத வணக்கத்தை நம்பாதே என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே யாராவது ‘வணக்கம்னா வளையுறதுதானே, அதையா சுயமரியாதைச் சொல்லுன்னு சொல்றீங்க?’ என்று கேட்டால், ஆமாம், வளைவதுதான் என்று ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அதற்குப் பதில் என்ன என்று அவரையே கேளுங்கள். பதிலும் ‘வணக்கம்’ என்பது வரைக்கும் அந்தச் சொல்லால் யாரும் தோற்கவில்லை.